மூன்று வயதும் பதினேழு நாளும்

மலேசியாவின் மலாக்கா பக்கம், ஜாசினிலிருந்து உள்ளே போகும் சாலையில், செம்பனைத் தோட்டம் முடிந்து மலிவு விலை வீடுகள் தொடங்கும் இடத்தில் காளிதாஸ் குடியிருந்தான். தோட்டத்து லய வீடுகளை இடித்தபோது அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் இந்த வீடுகளுக்குத்தான் வந்தார்கள். முகவரி மாறியதே தவிர பக்கத்து வீட்டுக்காரர்கள் மாறவில்லை. தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுவது அவன் வேலை. ஆனாலும் அந்த வட்டாரத்தில் அவனைப் பாரம் தாஸ் என்று சொன்னால்தான் தெரியும். லாரியில் ஏற்றும் பாரத்துக்காக வந்த பெயரல்ல அது. அரசாங்க அலுவலகங்களுக்கான பாரங்களை, அதாவது விண்ணப்பத் தாள்களை, எல்லோருக்கும் நிரப்பிக் கொடுப்பதால் வந்த பெயர்.

பள்ளியில் ஐந்தாம் படிவத் தேர்வில், மலாய்ப் பாடத்தில் நல்ல தேர்ச்சி பெற்றவன். அச்சடித்தது போன்ற எழுத்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறி முடிப்பதற்குள் யாராவது பிளாஸ்டிக் பையில் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். தொலைந்துபோன ஐசி என்ற அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தப்பாக விழுந்த பெயர், வேலையில் விரல் போனவனுக்கு வரவேண்டிய சொக்சோ காப்புறுதிப் பணம். அவன் கறுப்புப் பேனாவை எடுத்துக் கட்டம் கட்டமாக நிரப்பி, எந்தக் கவுண்டர் முகப்பில் கொடுக்க வேண்டும், எந்த அதிகாரி எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார் என்பதுவரை சொல்லி அனுப்புவான். காசு வாங்கமாட்டான். பெருமைதான் கூலி.

மூன்றாவது வீட்டுக் குஞ்சம்மாவின் கணவர் நாகமுத்துவுக்குச் சர்க்கரையால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தபோது, ஓகேயு அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டைக்கு, ஓடியாடியது காளிதாஸ்தான். மருத்துவர் காலைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். மூன்றாவது வாரம் அட்டை கைக்கு வந்துவிட்டது. குஞ்சம்மா ஒரு வருடம்வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவனுக்கும் தேவிஸ்ரீக்கும் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்தவள் ஷாமினி. வீட்டில் மினி. பிறக்கும்போது எந்தக் கோளாறும் இல்லை. அழகான பிள்ளை, அமைதியான பிள்ளை. அழாத பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள். ஒரு வயதில் மற்ற பிள்ளைகள் சுவரைப் பிடித்து நடக்கும்போது மினி உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வயதில் ஊசி போடக் கூட்டிப்போனபோது, கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ்ஸி வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? விரலை நீட்டி எதையாவது காட்டுகிறாளா? தேவிஸ்ரீ எல்லாவற்றுக்கும் "சில நேரம்" என்றே பதில் சொன்னாள். மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மினியின் முதுகுக்குப் பின்னால் போய் இரண்டு முறை கைதட்டினாள். மினி திரும்பவில்லை. மூன்றாவது முறை திரும்பினாள். ஆனால் பார்த்தது மிஸ்ஸியை அல்ல, கதவிடுக்கில் விழுந்த வெயிலை.

அங்கிருந்து மலாக்காவிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். முறை வந்தபோது மினிக்கு இரண்டு வயது நான்கு மாதம். இளம் மருத்துவர், சீனப் பெண், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் மினியோடு விளையாடிப் பார்த்தார். கட்டைகளை அடுக்கினார், பந்தை உருட்டினார், பொம்மையை ஒளித்து வைத்தார். பிறகு நாற்காலிக்கு வந்து, பிள்ளையின் வளர்ச்சி எல்லா வகையிலும் பின்தங்கியிருக்கிறது என்றார். காரணம் இப்போது சொல்ல முடியாது. ஆனால் சீக்கிரம் பயிற்சி தொடங்க வேண்டும், அதற்கு அட்டை இருந்தால் நல்லது, சமூக மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதற்கும் உதவித்தொகைக்கும் அது வேண்டும் என்று சொல்லி, அங்கேயே பாரத்தை எடுத்துத் தன் பகுதியை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். மீதியை அப்பா நிரப்பி, படம் ஒட்டிக் கொடுத்தால் போதும்.

காளிதாஸ் அந்தப் பாரத்தைப் பலருக்கு நிரப்பியிருக்கிறான். மூன்றாவது பக்கத்தில் ஊன வகை என்று ஒரு கட்டம் வரும். நாகமுத்துவுக்கு அதை எழுதியபோது அவனுக்குக் கை நின்றதில்லை. அன்றைக்கு மருத்துவமனை வாகன நிறுத்துமிடத்தில், காருக்குள் உட்கார்ந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது, பக்கத்து இருக்கையில் தேவிஸ்ரீயின் மடியில் தூங்கும் மகளின் காலையும் கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

தேவிஸ்ரீ வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டுச் சொன்னாள்.

"அந்தப் பாரம் இப்ப வேணாங்க."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. காரணம் அவனுக்குத் தெரியும். தேவிஸ்ரீயின் அண்ணன் சுரேன் கோலா சுங்கை பாருவில் இருக்கிறான். நாற்பது வயது. சிறு வயதில் பாடம் ஏறவில்லை என்று அவனைத் தனி வகுப்பில் போட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டிலும் பள்ளியிலும் அவனிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. இப்போது மீன் இறங்கும் இடத்தில் ஐஸ் பெட்டி தூக்கிக் கொடுத்துவிட்டு, கொடுப்பதை வாங்கிக்கொள்கிறான். அவனை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவள் தேவிஸ்ரீ ஒருத்திதான்.

"எங்கண்ணனுக்கு எழுத்துல ஒரு பேர் குடுத்தாங்க. அன்னியிலருந்து யாரும் அவனுக்கு ஒண்ணும் கத்துக்குடுக்கல" என்றாள். "ஒரு வருஷம் குடுங்க. நான் கத்துக்குடுக்கறேன். அப்புறமும் வரலன்னா எழுதுங்க."

காளிதாஸ் சரி என்றான். பாரத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு லாரியின் முன்பக்கப் பெட்டியில் வைத்தான். வீட்டில் வைத்தால் அவள் கண்ணில் படும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான்.

தேவிஸ்ரீ சொன்னதைச் செய்தாள். ஜாசினில் இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதும் வேலை அவளுக்கு. ஐந்தரைக்கு வீடு திரும்பியதும் குளித்துவிட்டு மினியோடு தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஆப்பிள், பூனை, பந்து என்று படம் போட்ட அட்டைகள். ஒரே சொல்லை நூறு தடவை சொல்லுவாள். நாக்கு புரள வேண்டும் என்று உதட்டோரம் தேன் தடவுவாள். கைப்பேசியில் பார்த்துப் பார்த்து, அரிசிக்குள் பொம்மையை ஒளித்துத் தேட வைத்தாள். மூன்று மாதத்தில் மினி நடந்தாள். அந்த வாரம் வீட்டில் பாயசம் வைத்தார்கள். காளிதாஸ் லாரியை ஓட்டிக்கொண்டே தனியாகச் சிரித்தான். மருத்துவர்கள் இப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்று ஆலையில் ஒரு நண்பனிடம் சொல்லவும் செய்தான்.

நடந்ததோடு சரி. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. இரண்டே முக்கால் வயதில் ஜாசினிலிருந்த ஒரு பாலர் பள்ளியில் சேர்த்துப் பார்த்தார்கள். எட்டாவது நாள் ஆசிரியை தேவிஸ்ரீயை வாசலில் நிறுத்தி, மெதுவாகப் பேசினாள். இருபது பிள்ளைகளுக்கு இரண்டு பேர்தான் இருக்கிறோம், இவளுக்கே ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, கதவு திறந்தால் ஓடிவிடுகிறாள், ஏதாவது ஆகிவிட்டால் எங்களால் பதில் சொல்ல முடியாது. கட்டிய பணத்தை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். தேவிஸ்ரீ அன்றும் சாயங்காலம் அட்டைகளை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

மினியின் மூன்றாவது பிறந்தநாளுக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். எதிர்வீட்டு மங்களத்தின் பேத்தி மினியைவிட இரண்டு மாதம் சின்னவள். அவள் கேக்கின் முன்னால் நின்று முழுப் பாட்டையும் பாடினாள். பாடி முடித்து, மெழுகுவத்தியைப் பார்க்காமல் மேசை விளிம்பை நக்கிக்கொண்டிருந்த மினியைக் காட்டி, "ஆண்ட்டி, பாப்பா எப்ப பெருசாவா?" என்று கேட்டாள். சின்னப் பிள்ளையின் கேள்வி. அதில் கள்ளமில்லை. மங்களம் அவசரமாக அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தேவிஸ்ரீ கேக்கைத் துண்டு போட்டு ஒவ்வொரு தட்டாகக் கொடுத்தாள். எல்லோரும் போன பிறகு கணவனிடம் சொன்னாள்.

"பாரத்த எடுத்துட்டு வாங்க. போட்டுருவோம்."

படம் எடுப்பதற்கே மூன்று தடவை போக வேண்டியிருந்தது. ஜாசினில் படம் எடுக்கும் கடைக்காரர் நல்ல மனிதர். கிலுகிலுப்பையை ஆட்டினார், நாய் மாதிரி குரைத்துக் காட்டினார். மினி கண்ணைக் கேமராவின் பக்கம் கொண்டுவரவே இல்லை. முதல் நாள் அழுதாள், இரண்டாம் நாள் நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் முறை, பார்வை எங்கோ இருந்தாலும் முகம் நேராக விழுந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் அதில் போயிற்று. அட்டைக்கான பாரத்தை அன்று மாலையே காளிதாஸ் நிரப்பினான். அந்தக் கட்டத்தில் மருத்துவர் எழுதியிருந்ததைப் பார்த்து அப்படியே எழுதினான். கை நிற்கவில்லை. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நலத்துறை அலுவலகத்துக்கு மூவருமாகப் போனார்கள். முகப்பில் இருந்த மலாய்க்கார அம்மாளுக்கு அவனை நன்றாகத் தெரியும். யாருக்காக இன்றைக்கு, என்சே தாஸ், என்று மலாய் மரியாதையோடு சிரித்துக்கொண்டே கேட்டார். மகளுக்கு என்று அவன் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, எழுந்து வந்து மினியின் கன்னத்தைத் தொட்டார். பிறகு உட்கார்ந்து காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தார். மருத்துவரின் பக்கத்தைப் பார்த்தார். மறுபடி பிறப்புப் பத்திரத்துக்குப் போனார். அவர் விரல் தேதியின் மேல் நிற்பதைக் காளிதாஸ் கவனித்தான். எத்தனையோ தடவை மற்றவர்களின் காகிதங்களில் விரல் அப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறான். ஏதோ இடிக்கிறது என்று அதற்குப் பொருள்.

மருத்துவர் எழுதியிருக்கும் பெயர் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும்தான் செல்லும் என்றார் அவர். மூன்று முடிந்துவிட்டால், வளர்ச்சி தாமதம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. இன்ன குறை என்று மருத்துவர் பெயர் சொல்லி எழுத வேண்டும். கையெழுத்தும் எட்டு மாதத்துக்கு முந்தியது. இந்தப் பாரத்தை அனுப்பினால் திரும்பித்தான் வரும்.

"மூணு வயசாகி பதினேழு நாள்தான் ஆகுது, புவான்" என்றான் காளிதாஸ், மலாயில்.

அவர் தலையாட்டினார். போன மாதம் வந்திருக்கலாமே என்று மட்டும் சொன்னார். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

காளிதாஸ் அந்த முகப்பில் இதுவரை கெஞ்சியதில்லை. விதி இதுதான் என்று அவர்கள் சொன்னால், வந்த ஆளிடம் திரும்பி, விதி இதுதான் என்று விளக்கிச் சொல்வது அவன் வழக்கம். அன்றைக்குக் கெஞ்சினான். மேலதிகாரியைப் பார்க்க முடியுமா என்று கேட்டான். மேலதிகாரியும் வந்தார், அவரும் நல்லவிதமாகவே பேசினார், உட்காரச் சொன்னார், மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லி எழுதியும் தந்தார். ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனும் உயர்த்தியிருப்பான். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. புதுப் பாரம் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

மருத்துவமனையில் அந்த இளம் மருத்துவர் இல்லை. சபா மாநிலத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். நிபுணரைப் பார்க்க ஐந்து மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். காளிதாஸ் கடிதத்தைக் காட்டினான். முகப்பிலிருந்தவன் அதைப் படித்துவிட்டு, கணினித் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினான். அன்றைய தேதியிலிருந்து கீழே கீழே பெயர்கள். எல்லாம் பிள்ளைகள்.  யாரைத் தள்ளிவிட்டு என் பிள்ளையைப் பாருங்கள் என்று சொல்வது? யாராவது வராமல் போனால் கூப்பிடுங்கள் என்று எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தான். ஒவ்வொரு திங்களும் ஆலையில் குலை இறக்கும் நேரத்தில் அவனே கூப்பிட்டுக் கேட்பான். குரலை வைத்தே அவர்களுக்கு அவனைத் தெரிந்துபோயிற்று. இந்த வாரம் இல்லை, என்சே.

அந்த ஐந்து மாதமும் தோட்டத்து மண் சாலையில் லாரி ஓட்டிக்கொண்டே அவன் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தான். மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் படித்தது மனசில் அப்படியே நின்றுவிட்டது. பிள்ளையின் மூளை முதல் சில வருடங்களில்தான் வேகமாக வளரும், பயிற்சியை அப்போதே தொடங்க வேண்டும். மினிக்கு எத்தனை மாதம் போய்விட்டது, இன்னும் எத்தனை மாதம் மிச்சம். மற்றவர்களுக்கு நாள் கணக்குப் பார்த்துச் சொன்னவன் தன் பிள்ளைக்கு எட்டு மாதத்தை லாரிக்குள் பூட்டி வைத்திருந்தான்.

வீட்டில் தேவிஸ்ரீ பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அட்டைகளை எடுப்பதை நிறுத்தினாள். ஒருநாள் அவன் வேலை முடிந்து வந்தபோது அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைக்காமலே, தன்னால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்றாள். எதற்காகவென்று எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

இல்லை என்று சொல்ல அவனுக்கு ஒரு நொடி போதும்.  வாசல்வரை போனான், செருப்பைக் கழற்றினான், திரும்ப வந்தான்.

"தேவி, நீ பாரம் வேணாம்னு சொன்ன பாரு. அன்னிக்கு எனக்கு நிம்மதியா இருந்துச்சு" என்றான். "நீ சொல்லலன்னா நான் வேற ஏதாவது சாக்கு சொல்லி வெச்சிருப்பேன். எனக்கு அத எழுத மனசு வரல. உன் பேர்ல பழிய போட்டுட்டு சும்மா இருந்துட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.  அவளுக்கு ஆறுதலாக இருந்ததா, கோபமாக இருந்ததா என்று அவனுக்குப் புரியவில்லை. பிறகு, "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

நிபுணர் வயதானவர், பொறுமையானவர். மினியை ஒரு மணி நேரம் பார்த்தார். அவர் சொன்னது இதுதான். ஆட்டிசமாக இருக்கலாம், அறிவு வளர்ச்சிக் குறையாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதற்கு முன்னால் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று உறுதிப்படுத்த வேண்டும். காது கேட்காத பிள்ளைக்கு வேறு பெயர் எழுதிவிட்டால் பெரிய தப்பாகிவிடும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆறு வாரம் கழித்துக் காதுச் சோதனை.

அந்தச் சோதனைக்குப் பிள்ளை தூங்க வேண்டும். தலையில் கம்பிகளை ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, தூக்கத்திலேயே அளப்பார்கள். அதனால் காலையில் நேரத்தோடு எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். விடிவதற்கு முன்னே மினியை எழுப்பிக் காரில் வைத்தார்கள். மலாக்காவுக்குப் போயும் நேரம் மிச்சமிருந்தது. கிளேபாங் பக்கம் கடலோரமாக ஓட்டிப்போனான். தூங்காமலிருக்கச் சன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டான். தேங்காய் ஷேக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. தேவிஸ்ரீ பின்னிருக்கையில் பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டும், முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டும் வந்தாள். மினியின் கண் சொருகும்போதெல்லாம் அவளை உலுக்கினாள். உலுக்க உலுக்க மினி முதலில் சிணுங்கினாள், பிறகு அழுதாள். பெற்ற பிள்ளையைத் தூங்கவிடாமல் இம்சை செய்கிறோமே என்று தேவிஸ்ரீயும் அழுதாள். அப்படியே மூன்று சுற்று.

பத்து மணிக்குச் சோதனை அறையில் படுக்க வைத்தார்கள். அறை இருட்டாக, குளிராக இருந்தது. நெற்றியில் கம்பியை ஒட்டியதுமே மினிக்குத் தூக்கம் போய்விட்டது. பிய்த்து எறிந்தாள். மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், துப்பிவிட்டாள். மடியில் போட்டு ஆட்டினாள் தேவிஸ்ரீ, தோளில் போட்டு நடந்தான் காளிதாஸ். பதினொன்றே முக்காலுக்கு அடுத்த பிள்ளையைக் கூப்பிட வேண்டும் என்றார்கள். வேறு தேதி, ஏழு வாரம் தள்ளி. வாகன நிறுத்துமிடத்தை விட்டு வெளியே வருவதற்குள் மினி வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள். காளிதாஸ் வண்டியை ஓரமாக நிறுத்தினான். திரும்பி ஓடலாமா என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. போகவில்லை. அரை மணி நேரம் அப்படியே, இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டு, அவள் தூங்குவதைப் பார்த்தபடி இருந்தார்கள்.

இரண்டாவது தடவை தூங்கினாள். காது நன்றாகக் கேட்கிறது என்று வந்தது. அதைச் சந்தோஷமான செய்தி என்று சொன்னார்கள். காது கேட்கும் பிள்ளை பெயரைக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் அதற்கு என்ன பொருள் என்று காளிதாஸ் அவர்களிடம் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு மனநல ஆய்வாளர், மறுபடி நிபுணர். ஒருவழியாகப் பெயர் எழுதப்பட்டது. ஆட்டிசம், கூடவே அறிவு வளர்ச்சிக் குறை. பாரத்தைக் கொடுத்த நாளில் நலத்துறை அம்மாள் தானே எல்லாவற்றையும் சரிபார்த்து, அவசரம் என்று ஒரு சீட்டை ஒட்டினார். மூன்று வாரத்தில் அட்டை வந்தது. மினிக்கு அப்போது நான்கு வயதாகி ஒரு மாதம். அட்டையைக் கையில் வாங்கிய காளிதாஸுக்கு நன்றி சொல்லத் தோன்றியது, சொன்னான். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான்.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவனும் நிரப்பிக் கொடுத்தான். ஆனால் எத்தனை நாளில் கிடைக்கும் என்று யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லப் பழகியிருந்தான். முன்பெல்லாம் நாளைக் குறித்துக் கொடுப்பான். குஞ்சம்மா ஒருநாள் வந்து, எங்க வீட்டுக்காரருக்கு மூணே வாரத்துல வாங்கிக் குடுத்தியே தம்பி, உன் பிள்ளைக்கு ஏன் இவ்ளோ நாளு, என்று அக்கறையாகத்தான் கேட்டாள். அவன் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, டீ குடிக்கிறீங்களா அக்கா என்றான்.

அட்டையை வைத்து மையத்தில் இடம் கேட்டார்கள். வாரத்துக்கு இரண்டு காலை இடம் கிடைத்தது. பேச்சுப் பயிற்சியாளர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அவருடைய பட்டியலில் மினி இருபத்து மூன்றாவது. மருத்துவர் சொன்ன மாதாந்திர உதவித்தொகைக்கும் எழுதிப் போட்டார்கள். கணவன் மனைவி இருவரும் சம்பாதிப்பதால் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதில் வந்த மாதமே தேவிஸ்ரீ கடை வேலையை விட்டிருந்தாள். மையத்துக்குக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லை. மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். வேலையை விட்டதற்கான கடிதம், பழைய சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு. காளிதாஸ் எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்திருக்கிறான்.

மையத்தின் முதல் நாளுக்கு அவன் விடுப்புப் போட்டான். பழைய பாலர் பள்ளிக் கட்டடம், பச்சை வண்ணம் பூசியது. ஆசிரியை அவர்களைவிட இளையவள், பெயர் ஷபீக்கா. மினி எதற்குச் சிரிப்பாள் என்று மலாயில் கேட்டாள். காளிதாஸ் யோசித்தான். பிறந்த தேதி, பதிவு எண், எடை, ஊசி போட்ட நாட்கள், மருத்துவர்களின் பெயர்கள் எல்லாம் அவன் நாக்கு நுனியில் இருந்தன.  தேவிஸ்ரீதான் சொன்னாள், மழையில் கையை நீட்டினால் சிரிப்பாள் என்று. ஆசிரியை அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

எவ்வளவு நாளில் பேச்சு வரும் என்று கேட்கத்தான் அவன் வந்திருந்தான். கேட்டான். சொல்ல முடியாது, என்சே, என்றாள் அவள். சில பிள்ளைகளுக்கு வரும். சிலருக்கு வராது. ஓராண்டு முந்தி வந்திருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா என்று தேவிஸ்ரீ கேட்டாள். ஆசிரியை குறிப்பேட்டை மூடினாள். அதுவும் சொல்ல முடியாது என்றாள், மென்மையாக.

பெற்றோர் வெளியில் இருக்க வேண்டும், முதல் நாள் அரை மணி நேரம்தான் என்றார்கள். ஆசிரியை மினியின் கையைப் பிடித்ததும் மினி தரையில் படுத்துக்கொண்டாள். தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. வராந்தாவில் போட்டிருந்த நீண்ட பலகையில் இருவரும் உட்கார்ந்தார்கள். உள்ளே மினி அலறுவது கேட்டது. அது அழுகை மாதிரி இல்லை. தொண்டையிலிருந்து ஒரே நீளமாக வரும் சத்தம், மூச்சு வாங்க மட்டும் நிற்கும். தேவிஸ்ரீ இரண்டு முறை எழுந்தாள், இரண்டு முறையும் அவளே உட்கார்ந்துகொண்டாள். காளிதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பத்து நிமிடம். பதினைந்து. சாலையில் ஒரு குலை லாரி போனது, ஓட்டுநர் அவனைப் பார்த்து ஹார்ன் அடித்தான். அவன் கையைத் தூக்கவில்லை.

இருபதாவது நிமிடத்தில் சத்தம் நின்றது. இருவரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. சமாதானமாகி நிறுத்தினாளா, கத்திக் கத்திச் சோர்ந்து நிறுத்தினாளா என்று தெரியவில்லை.

"தூங்கிட்டாளோ?" என்றாள் தேவிஸ்ரீ.

"தெரியலையே" என்றான் காளிதாஸ்.

கதவைத் தட்டலாமா என்று பார்த்தான். பிறகு அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். இன்னும் பத்து நிமிடம் இருந்தது.